மாலத்தீவுக்குப் பெட்டி கட்டுமுன்

வாசகி கேட்கிறார்: மே முதல் வாரம் நான், கணவர், பதினொரு வயது மகள், மாமியார் நால்வரும் மாலத்தீவு போகிறோம். மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மூன்று இரவு, பிறகு ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு. டிக்கெட் போட்டாகிவிட்டது. பெட்டியில் என்ன வைப்பது என்பதில்தான் வீட்டில் தினமும் பேச்சு. கணவரின் நண்பர், "அங்கே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் பிகினியில்தான் திரிகிறார்கள்" என்கிறார். எங்கள் பெரியம்மாவோ, "முஸ்லிம் நாடு, தலையை மூடாமல் வெளியே போக முடியாது" என்கிறார். எனக்குச் சுடிதார்தான் பழக்கம்; மாமியார் புடவை தவிர வேறு கட்டியதில்லை. நாங்கள் கடலில் இறங்க என்ன உடுத்துவது? மாமியார் தினமும் பூஜை செய்யும் சின்னப் பிள்ளையார் சிலையை எடுத்துப் போகலாமா? அவர் சுத்த சைவம். வேறு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நண்பர் சொல்வதும் சரி, பெரியம்மா கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் வெவ்வேறு தீவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் பயணத்தில் இரண்டு வகைத் தீவும் வருவதால், பெட்டி கட்டுமுன் இதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பவை சுமார் 200தான். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்தபோதே, ஆளில்லாத் தீவாகப் பார்த்து ரிசார்ட்டுக்குக் கொடுப்பது என்ற வழி அமைந்துவிட்டது. ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. ஊர்க்காரர்கள் அங்கே வேலைக்கு வருவார்களே தவிர, குடும்பத்தோடு குடியிருப்பதில்லை. ஆகவே மதுவும் நீச்சல் உடையும் அங்கே அனுமதி. பல பத்தாண்டுகளுக்கு வெளிநாட்டவர் பார்த்த மாலத்தீவு அது மட்டும்தான். சாதாரண ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த 2010-ஐ ஒட்டித்தான் பரவலாக வழி பிறந்தது. மாஃபுஷி இந்த இரண்டாவது வகை. அங்கே பள்ளிக்கூடம் உண்டு, மசூதி உண்டு, மாலையில் வாசலில் உட்கார்ந்து பேசும் பாட்டிகள் உண்டு. நீங்கள் தங்கும் விடுதிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும்.

ஊர்த் தீவில் ஊர் வழக்கம், ரிசார்ட்டில் உங்கள் விருப்பம். இந்த ஒரு கோட்டை மனதில் வைத்து ஒவ்வொரு துணியையும் எடுத்து வையுங்கள்.

தலையை மூட வேண்டியதில்லை. ஊர்த் தீவுகளில் பெரும்பாலான பெண்கள் தலைத்துணி அணிகிறார்கள்; அணியாத உள்ளூர்ப் பெண்களும் இருக்கிறார்கள். விருந்தாளியாக வரும் உங்களிடம் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. தோளும் மார்பும் மூடியிருக்க வேண்டும், கீழே முட்டியைத் தாண்டி இறங்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் சுடிதார் இதற்கு மேலேயே போகிறது. கோயம்புத்தூர்க் கடைவீதிக்கு எதை உடுத்திப் போவீர்களோ, அதையே மாஃபுஷித் தெருவிலும் உடுத்தலாம். லெக்கிங்ஸ் போட்டால் குர்தி தொடை மறைய இருக்கட்டும். ஸ்லீவ்லெஸ் வேண்டாம். உடை வழக்கம் அங்கேயும் காலத்தோடு மாறி வந்ததுதான். 1343-இல் அங்கே வந்து காஜியாக, அதாவது நீதிபதியாகப் பதவி வகித்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, பெண்கள் மேலுடம்பை மூட வேண்டும் என்று எவ்வளவோ முயன்றும் தன்னால் முடியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இன்று அதே தீவுகளில் பள்ளிச் சிறுமிகளே முழுக்கை உடுத்துகிறார்கள். நாம் போகும் காலத்து வழக்கத்தை மதித்தால் போதும்.

மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில், இதே மாஃபுஷியில், பிகினியோடு தெருவில் நடந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரைப் போலீஸார் பிடித்து இழுத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. நடத்திய விதத்துக்காக மாலத்தீவு போலீஸ் தலைவரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் விதி மாறவில்லை. பிகினி அணிவோருக்கென்று ஊர்த் தீவுகளில் மறைப்புக் கட்டிய தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மாஃபுஷியிலும் இருக்கிறது. வாசலிலேயே பலகை இருக்கும். அதற்குள் மட்டும் அந்த உடை. வெளியே கால் வைத்தால் மேலே ஏதாவது போர்த்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு அந்தக் கடற்கரை தேவையே இல்லை என்று நினைக்கிறேன். முழுக்க உடுத்திக் குளிப்பவர்கள் பொதுக் கடற்கரையில் தாராளமாக இறங்கலாம். மாலை நேரத்தில் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு முழு உடையில் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். மாமியாருக்கும் அங்கேதான் கூச்சமிருக்காது.

இனி, எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள் பலர் அந்தக் கடலை ஆசையோடு கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவது இந்த ஒரு காரணத்தால்தான். பிகினி போட மனமில்லை, வேறு என்ன போடுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் பழைய காட்டன் சுடிதாரோடு இறங்குகிறார்கள். காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உடம்போடு ஒட்டும், வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். மரியாதைக்காக உடுத்திய உடையே சங்கடமாகிவிடும். மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தபடி கடலுக்குள் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்யும்போது அகலமான பேன்ட் காலைச் சுற்றிக்கொண்டு நீந்தவே விடாது. துப்பட்டா அதைவிட ஆபத்து; படகில் ஏறும்போதே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

நைலானும் லைக்ராவும் கலந்த முழுக்கை ஸ்விம்சூட் வாங்குங்கள். மேலே முழுக்கைச் சட்டை, கீழே கணுக்கால் வரை லெக்கிங்ஸ், சிலவற்றில் இடுப்பைச் சுற்றிச் சின்னப் பாவாடை மடிப்பும் தைத்திருப்பார்கள். பர்கினி என்று கேட்டாலும் கிடைக்கும். தலையை மூடும் பகுதி தனியாக இருந்தால் அதை விட்டுவிடலாம். கறுப்பு, கருநீலம், அரக்கு மாதிரி அடர்ந்த நிறமாக எடுங்கள். ஜிப் முன்பக்கம் இருப்பது நல்லது. முதுகில் ஜிப் இருந்தால் நனைந்த உடம்போடு இன்னொருவர் துணையில்லாமல் கழற்ற முடியாது. மகளுக்கும் இதே வகையை எடுங்கள். உடை ஒழுங்குக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தால், முதுகும் கெண்டைக்காலும் முழுநேரமும் வெயிலில் இருக்கும். முழுக்கை உடை போட்ட பிள்ளை அன்று இரவு அழாமல் தூங்கும்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றுங்கள். பிறகு ட்யூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் பாருங்கள். குனியுங்கள், கையைத் தூக்குங்கள். எங்கே ஒட்டுகிறது, எங்கே தெரிகிறது, சட்டை மேலே ஏறுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா தேவையா என்பதும் தெரியும். கடையில் உலர்ந்த துணியைப் போட்டுப் பார்ப்பதால் இது எதுவும் தெரியாது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் வேண்டும். காற்றில் அவ்வளவு ஈரப்பதம் இருக்கும். முதல் நாள் மாலை அலசிப் போட்டது மறுநாள் காலை படகுக்குள் முழுதாகக் காயாது. ஒரு நைலான் கயிறும் பத்துக் கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாடைகளைத் தெருப்பக்கப் பால்கனியில் காயப் போடாமல் குளியலறைக்குள்ளேயே கட்டுங்கள். கெஸ்ட் ஹவுஸ் பால்கனிக்கு நேர் எதிரே பெரும்பாலும் இன்னொரு வீட்டுச் சன்னல்தான் இருக்கும்.

கூடவே ஒரு மேலுடுப்பு. முன்பக்கம் பொத்தான் வைத்த, முட்டிக்குக் கீழே வரும், தளர்வான ஷர்ட் மாதிரி ஒன்று. தண்ணீரிலிருந்து எழுந்ததும் ஈர உடைக்கு மேலேயே போட்டுக்கொண்டு விடுதிக்கு நடந்துவிடலாம். மணல்திட்டுக்குக் கூட்டிப்போகும் படகுப் பயணங்களில் உடை மாற்ற அறை எதுவும் இருக்காது. ஆகவே நீச்சல் உடையை விடுதியிலேயே உள்ளே போட்டுக்கொண்டு, மேலே இதை உடுத்திக் கிளம்புவதே வசதி. மணல்திட்டில் ஒரு மரம்கூட இருக்காது. மடக்குக் குடை கட்டாயம் எடுத்துப் போங்கள்.

நைட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உடம்பை மூடுகிற உடைதான், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கெஸ்ட் ஹவுஸில் காலை உணவு பொதுவான இடத்தில், தெருவைப் பார்த்தபடி இருக்கும். மெல்லிய நைட்டி காலை வெயிலில் ஊடுருவித் தெரியும். மேலே துண்டு போட்டுக்கொண்டு போவது நம் தெருவில் பழகிப்போன விஷயம். அங்கே அறைக்குள் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு முட்டி வரை வரும் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும் போதும். கடற்கரையைத் தாண்டியதும் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் மேலுடம்போடு கடைக்குப் போகக் கூடாது. கைலி அங்கே ஆண்களுக்குப் பழக்கமான உடைதான், தாராளமாகக் கட்டலாம். தொடை தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஜீன்ஸ் ஒன்று போதும். நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, பெட்டியில் எடையும் அதுதான்.

இப்போது மாமியார் விஷயம்.

புடவை கட்டிக்கொண்டு வருவதில் உடை விதிப்படி எந்தத் தடையும் இல்லை. இடுப்பு தெரியாமல் முந்தானையைப் பின் குத்திக்கொண்டால் போதும். எனக்குக் கவலை ஸ்பீட் போட்டைப் பற்றித்தான். விமான நிலையத்திலிருந்து மாஃபுஷி 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். ஏறுவதும் இறங்குவதும்தான் கடினம். தோணித்துறையில் நிற்கும்போது படகு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். விளிம்புக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடைவெளி திறந்து திறந்து மூடும். படகு மேலே எழும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும்; ஊழியர் கை நீட்டுவார், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் பிடி நழுவாது. அந்த நேரத்தில் கொசுவம் காலில் தட்டினால் விழ வேண்டியதுதான். அத்தை சம்மதித்தால், படகு ஏறும் நாட்களுக்கு மட்டும் சுடிதார் உடுத்தச் சொல்லுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பூனம் மாதிரி இலகுவான, சீக்கிரம் காயும் புடவையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி சற்று உயர்த்திக் கட்டி, கொசுவத்திலும் முந்தானையிலும் பின் குத்திவிடுங்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை வேண்டாம். பின்னால் வார் உள்ள தட்டைச் செருப்பு. கையில் பை எதுவும் கொடுக்காதீர்கள், இரு கையும் சும்மா இருக்கட்டும். முன்வரிசையில் உட்காரவைக்காமல் பின்பக்கம் உட்காரவையுங்கள், அங்கே தூக்கிப்போடுவது குறைவு.

மே மாதம் என்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அந்த மாதத்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று மாலத்தீவுக்குள் நுழைகிறது. தூத்துக்குடியிலிருந்து அங்கே சரக்கு ஏற்றிப்போகும் தோணிகள் இந்தப் பருவம் முழுக்க ஓட்டத்தை நிறுத்திக்கொள்வதும் இந்தக் கடலுக்குப் பயந்துதான். நீங்கள் போகும் முதல் வாரத்தில் நல்ல வெயில் நாட்களும் கிடைக்கலாம். இருந்தாலும் மழைக்கும் ஆட்டத்துக்கும் தயாராகவே போங்கள். நால்வருக்கும் இலேசான ரெயின்கோட், வாந்தி மாத்திரை. படகு ஏற அரை மணி நேரத்துக்கு முன்பே மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். அத்தைக்கு ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையும் தண்ணீரில் கால் நனைக்கட்டும். புடவையோடு முட்டிக்கு மேல் இறங்க வேண்டாம். முழங்காலளவு தண்ணீரில் உட்கார ஆசைப்பட்டால், அடர்ந்த நிறத்தில் தளர்வான பாலியெஸ்டர் குர்த்தாவும் பேன்ட்டும் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பாட்டிகள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு அவரே கேட்கவும் கூடும்.

பிள்ளையார் சிலை வேண்டாம். மாலத்தீவு சுங்க விதிகளில் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. சின்னது, வெள்ளியில் செய்தது, தினமும் பூஜை செய்வது என்று விளக்கம் சொல்லி விமான நிலையத்தில் அத்தையை நிற்கவைக்க வேண்டாம். வருஷக்கணக்காகத் தொட்டு வணங்கிய சிலையை ஒருவர் வாங்கி ஓரமாக வைத்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? ஐந்து நாளைக்குப் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ விளக்கேற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுப் பூஜையறையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அறைக்குள் அதைப் பார்த்துக் கும்பிடுவதில் சிக்கல் இல்லை. அறையில் சூடம், ஊதுபத்தி ஏற்ற வேண்டாம், புகை எச்சரிக்கைக் கருவி அடிக்கும். திருநீற்றைப் பொட்டலமாக மடித்து எடுத்துப் போகாமல், பெயர் அச்சிட்ட கடைப் பாக்கெட்டாகவே வையுங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடி எந்த விமான நிலையத்திலும் கேள்வியைக் கிளப்பும். கழுத்தில் கிடக்கும் தாலியைப் பற்றிக் கவலை வேண்டாம். என் வழியாகப் போன யாரிடமும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

தாலிச் சங்கிலி போதும், மற்ற நகைகளைப் பூட்டிவிட்டுப் போங்கள். கடலில் மோதிரம் நழுவினால் தேட முடியாது. மகளின் கொலுசையும் கழற்றிவிடுங்கள், நீந்தும்போது துடுப்புக் காலணியின் வாரில் மாட்டும்.

சைவச் சாப்பாட்டுக்கு மாஃபுஷியில் வழி இருக்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அந்த நாட்டுச் சமையலின் உயிர் சூரை மீன். காலை உணவில் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டிக்கு வைப்பது மஸ் ஹுனி. பார்க்க நம் தேங்காய்த் துவையல் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது மீன். கடைகளில் விற்கும் மாலைப் பலகாரங்களிலும் பெரும்பாலும் மீன்தான். நமக்குத் தெரிந்த மாசிக் கருவாடு அங்கிருந்து வருவதுதான், அதைக் காய்கறியிலும் தூவுவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, "மீனும் வேண்டாம், மாசியும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கெஸ்ட் ஹவுஸுக்கு இன்றே செய்தி அனுப்பி அரிசிச் சோறும் பருப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். எண்ணெய் உள்ளவற்றை இரட்டை உறையில் கட்டிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் காய், கீரை, கறிவேப்பிலைக் கொத்து வேண்டாம்.

மருந்துப் பையில் கவனமாக இருங்கள். அத்தையின் மாத்திரைகள் முழுவதும், இரண்டு மூன்று நாளைக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வர வேண்டும். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ பழக்கமிருந்தால் சீட்டில்லாமல் தொடவே வேண்டாம். மலேரியா அங்கே இல்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. டெங்கு உண்டு, மழைக்காலத்தில் அதிகம். கொசு விரட்டி களிம்பை மாலையில் மட்டுமல்ல, காலையிலேயே தடவ வேண்டும், டெங்கு கொசு பகலில் கடிப்பது. உங்களுக்கும் மகளுக்கும் நாப்கின் இங்கிருந்தே போதுமான அளவு எடுத்துப் போங்கள். சின்னத் தீவில் நீங்கள் பழகிய வகை கிடைக்காமல் போகலாம், பயணக் களைப்பில் தேதியும் முன்பின் ஆகலாம்.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்பி யாரும் போக வேண்டாம். மாலத்தீவு நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. வெண்மணலும் தண்ணீரும் சேர்ந்து வெயிலை இன்னொரு முறை முகத்தில் அடிக்கும். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பவளத்துக்கு அது அவ்வளவு கெடுதல் செய்யாது. தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகாது. காதுமடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம், வகிடு இவற்றை மறந்துவிடுவோம். எரிச்சல் அங்கேதான் தொடங்கும். ஆளுக்கொரு அகலத் தொப்பி, கட்டக் கயிறு வைத்தது. தண்ணீரில் இறங்க அக்வா ஷூ வேண்டும், பவளத்துண்டு காலைக் கிழித்தால் ஆற நாளாகும்.

ரிசார்ட்டுக்குத் தனியாக அதிகம் வேண்டாம். அங்கே நீங்கள் ஸ்லீவ்லெஸ், ஃபிராக், எது வேண்டுமானாலும் உடுத்தலாம். மேலாடையில்லாமல் குளிப்பது மட்டும் நாடு முழுக்கத் தடை. அதே முழுக்கை ஸ்விம்சூட்டோடு இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெயிலுக்காக அப்படி உடுத்தும் வெளிநாட்டவரும் நிறையப் பேர். சில ரிசார்ட்டுகளில் இரவு உணவுக்கு ஆண்கள் முழு பேன்ட் போட வேண்டும் என்பார்கள், அதற்குத்தான் அந்த ஒரு ஜீன்ஸ். நீங்கள் போகும் ரிசார்ட்டுக்குக் கடல் விமானம் என்றால் பெரும்பாலும் ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை என்பதே அளவு. ஸ்பீட் போட் என்றாலும் சக்கர சூட்கேஸைவிடத் துணிப்பை நல்லது. தோணித்துறையில் கைமாற்றி ஏற்ற எளிது. பாஸ்போர்ட், போன், மருந்து மூன்றும் தண்ணீர் புகாத பைக்குள் இருக்கட்டும். ஒரு மஞ்சப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், கடைக்கும் கடற்கரைக்கும் உதவும்.

சென்னை விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் கணவர் பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம். தலைநகர் மாலேயில் இறங்கியதும் வாங்கி வைத்துவிடுவார்கள். பன்றி இறைச்சிப் பொருள்களுக்கும் அனுமதியில்லை. மின்சிகரெட்டை 2024 டிசம்பர் முதல் வைத்திருப்பதே குற்றம், சுற்றுலாப் பயணிக்கும் சேர்த்துத்தான்.

பிளக் பெரும்பாலும் மூன்று சதுர முள் உள்ள பிரிட்டிஷ் வகை. ஓர் அடாப்டரும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் எடுத்துப் போனால் நான்கு போனும் சார்ஜ் ஆகும். டாலரைச் சின்ன நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். அறை வாடகை போக, பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். நீங்கள் கட்டிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நால்வருக்கு என்றால் சின்னத் தொகை இல்லை. இந்தியர்களுக்கு இறங்கிய இடத்திலேயே இலவசமாக 90 நாள் வரை அனுமதி கிடைக்கும். ஆனால் இமுகா என்ற அரசு இணையதளத்தில் நால்வருக்கும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும், விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. விடுதி முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாட்களில் வெள்ளிக்கிழமை வந்தால், நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதை வைத்துச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள். திரும்பும் நாளில் விமானத்துக்கு நான்கைந்து மணி நேரம் இருந்தால் மாலே நகருக்குள் போய் ஹுகுரு மிஸ்கிய் என்ற பழைய வெள்ளிக்கிழமை மசூதியைப் பாருங்கள். 1658-இல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டியது. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கல்லோடு கல் கோத்திருப்பார்கள், சுவரின் கொடி வேலைப்பாட்டை விரலால் தொடரலாம் போலிருக்கும். அங்கே மட்டும் தலையை மூட வேண்டும், கையும் காலும் முழுக்க மூடியிருக்க வேண்டும். படகுக்காகப் பைக்குள் வைத்த துப்பட்டாவை அன்று வெளியே எடுங்கள். அத்தைக்கு முந்தானையே போதும். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கிளம்பும் முன் மகளின் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டு ஏதாவது நிச்சயம் இருக்கும். பவளம், ஆமை ஓடு இவற்றை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு, மணலையும் அள்ளக் கூடாது. விமான நிலையத்தில் வைத்துப் பிடுங்கினால் பிள்ளை வாடிப்போகும். அதை மாஃபுஷியை விட்டுப் புறப்படும் அன்றே, அவள் கையாலேயே கரையில் போடச் சொல்லிவிடுங்கள்.